வெடிக்காத வண்டி

சண்முகராஜ் அண்ணாச்சியின் ரேஸ் வண்டி வெளியே கிளம்பினால் கோவில்பட்டியில் தொட்டிலில் கிடக்கிற பிள்ளை முழித்துக்கொள்ளும். படார், படபடபட, படார் என்று பின்குழாய் வழியாக வெடித்துக்கொண்டே போகும். குழாய் நுனியில் அவ்வப்போது ஒரு முழத்துக்குத் தீ வேறு. பட்டாசு ஃபாக்டரி முதலாளியின் வண்டி என்றால் பின்னே எப்படி இருக்கும் என்று ஊரே மெச்சிக்கொண்டது. எல்லாம் சரிதான், ஒரே ஒரு குறை. அந்த வண்டி இதுவரை ஒரு ரேஸிலும் ஜெயித்ததில்லை.

சத்தம் போடுகிறவன்தான் சண்டியர் என்று நினைக்கிற ஊரில் இதை யார் கேட்பது? ஒருத்தி கேட்டாள். பசுவந்தனை ரோட்டில் கார்புரேட்டர் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் கிருஷ்ணவேணி. இடைசெவல்காரி. கோயம்புத்தூரில் ரேஸ் வண்டிகளுக்கு எஞ்சின் கட்டுகிற பட்டறையில் எட்டு வருஷம் வேலை பார்த்துவிட்டு, கல்யாணம் முடிந்து இங்கே வந்து சேர்ந்தவள். கைவேலையில் சுத்தம், வாயில் காரம். கஸ்டமர் தப்பாகப் பேசினால் திட்டுவாள், சரியாகப் பேசினாலும் மெதுவாகப் பேசச் சொல்லித் திட்டுவாள். அவள் புருஷன் செல்வக்குமார் மினிபஸ் ஓட்டுகிறவர். பொறுமைசாலி. அந்தப் பொறுமை பிறவியிலேயே வந்ததா, வாக்கப்பட்டு வந்தவளால் வந்ததா என்று சொந்தக்காரர்களுக்குள் இன்னும் வழக்குத் தீரவில்லை.

அண்ணாச்சியின் வண்டி இரும்புக் குழாய்ச் சட்டத்தில் கட்டின ஒற்றை சீட்டுக் கார். சீட்டுக்குப் பின்னால் இருந்தது ரோட்டரி எஞ்சின். ஜப்பானில் ஏதோ ஒரு பழைய காரிலிருந்து கழற்றிக் கப்பலேறிச் சென்னைக்கு வந்து, அங்கிருந்து சாக்கைச் சுற்றிக்கொண்டு லாரியில் கோவில்பட்டி வந்து இறங்கியது. வந்தபோது இறுகிப்போய்க் கிடந்தது. அதைப் பிரித்து, கழுவி, சீல் மாற்றி, ஒரு வருஷம் மல்லுக்கட்டிச் சுற்ற வைத்தவள் கிருஷ்ணவேணி. அது முதல் தடவை ஓடிய அன்றைக்கு அவள் ஒர்க்‌ஷாப் தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்து அழுதாள். அழுததைப் பார்த்த ஒரே ஆள் செல்வக்குமார். வெளியே சொன்னால் என்ன ஆகும் என்று தெரிந்தவர், ஆகவே சொல்லவில்லை.

ரோட்டரி என்றால் வேறொன்றுமில்லை. மற்ற எஞ்சின்களில் பிஸ்டன் மேலும் கீழும் குதிக்கும். இதில் பிஸ்டனே கிடையாது. ஆட்டுரலுக்குள் குழவி சுற்றுகிற மாதிரி ஒரு கூட்டுக்குள் முக்கோண இரும்பு ஒன்று சுற்றும். புகை வெளியேறும் வழியில் வால்வு என்கிற கதவும் கிடையாது. எரிந்ததும் எரியாததும் சூட்டோடு சூடாக நேரே குழாய்க்குள் பாயும். அதனால் உள்ளே பெட்ரோலும் காற்றும் எந்த அளவில் கலக்கின்றன என்பது வெளியே அப்படியே கேட்கும். மற்ற எஞ்சின் கொஞ்சம் பூசி மெழுகிப் பேசும், இது ஒளிவுமறைவு இல்லாமல் சொல்லிவிடும்.

பெட்ரோல் கூடிப்போனால் தொண்டையில் கோழை கட்டினாற்போலக் களகளக்கும். எரியாமல் மிஞ்சிய பெட்ரோல் சூடான குழாயில் போய்ப் பற்றிக்கொண்டு படாரென்று வெடிக்கும். குறைந்துபோனால் சத்தம் வறண்டு, சட்டியில் கடுகு பொரிகிற மாதிரி வெடவெடக்கும். அது இன்னும் ஆபத்து. முக்கோணத்தின் மூன்று முனையிலும் இருக்கிற மெல்லிய சீல் ஒடிந்தால் எஞ்சினுக்குப் பாடை கட்ட வேண்டியதுதான். இரண்டுக்கும் நடுவில் ஒரு சத்தம் இருக்கிறது. வெடியும் இல்லை, பொரியும் இல்லை, கோடித்துணியை ஒரே இழுப்பில் கிழிக்கிற மாதிரி நீண்டு ஏறுகிற சத்தம். முதல் நாள் அந்த எஞ்சின் கிருஷ்ணவேணிக்குக் கொடுத்தது அந்தச் சத்தத்தைத்தான்.

அது அண்ணாச்சிக்குப் பிடிக்கவில்லை.

என்ன இது, தையல் மிஷின் மாதிரி ஓடுகிறது என்றார். வண்டியை வேறொருவரிடம் கொண்டுபோய், கார்புரேட்டரில் பெட்ரோல் பாயும் ஜெட்டைப் பெரிய துவாரமாக மாற்றினார். பிளக் நெருப்புப் போடுகிற நேரத்தைப் பிந்த வைத்தார். வண்டி வெடிக்க ஆரம்பித்தது. ஃபாக்டரி ஆட்கள் கைதட்டினார்கள். தலைமுறை தலைமுறையாக மருந்து இடித்து வேட்டுக் கட்டின ஊர். சத்தத்தை வைத்தே சரக்கை எடைபோடுகிறவர்கள். பெரிய சத்தம் என்றால் பெரிய பலம் என்று அவர்கள் நினைத்ததில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. அண்ணாச்சி அதற்கும் ஒரு படி மேலே போய், வெடிச் சத்தத்தைக் கேட்டுத்தான் கியர் மாற்றவே பழகிவிட்டார்.

மூன்று ரேஸ் போனது, மூன்றிலும் தோல்வி. கடைசியாகத் தோற்ற அன்று மைக்கைப் பிடித்து ஒரு வாக்குக் கொடுத்தார். பங்குனியில் பசுவந்தனைக்குப் பக்கத்தில் நடக்கும் ரேஸிலும் கோப்பை வாங்கவில்லை என்றால், இந்த எஞ்சினை வண்டியிலிருந்து கழற்றி அவர் ஊர் அம்மன் கோவில் கொடைத் திருவிழாவுக்குக் கொடுத்துவிடுவாராம். தள்ளுவண்டியில் மாட்டி, சாமி புறப்பாட்டுக்கு முன்னால் படார் படாரென்று வெடிக்க விட்டுக்கொண்டு போகலாமாம். கொடை கமிட்டித் தலைவர் வன்னியபெருமாள் எழுந்து நின்று கும்பிட்டு ஏற்றுக்கொண்டார்.

இதைக் கேட்ட கிருஷ்ணவேணி ஸ்பானரை எறிந்தாள். அது தகரக் கதவில் பட்டு விழுந்தது. சுத்துப்பட்டில் எங்கேயும் இல்லாத எஞ்சின் வேட்டுப் போட்டுக்கொண்டு தெருத்தெருவாகச் சுற்றப்போகிறது. சுற்றுகிற தெருவிலெல்லாம் “இது வேணி கட்டின எஞ்சின்” என்று சொல்லவும் போகிறார்கள். ஒரு வருஷம் கை நகத்தில் கிரீஸ் போகாமல் வேலை செய்தது இதற்குத்தானா என்று வயிறெரிந்தாள்.

மறுநாளே ஃபாக்டரி ஆபீஸில் போய் நின்றாள். அண்ணாச்சி அன்பாகத்தான் உட்காரச் சொன்னார். அவர் கெட்டவர் இல்லை, காது மட்டும்தான் கெட்டது.

“மருந்து கூடப் போட்டாத்தானம்மா வேட்டு நல்லாக் கேக்கும். வேட்டு நல்லாக் கேட்டாத்தான் பலம். இதுல என்ன ரகசியம் கெடக்கு?” என்றார்.

“அண்ணாச்சி, ஒங்க ஃபாக்டரில வேட்டும் செய்யுதீங்க, ராக்கெட்டும் செய்யுதீங்க. ரெண்டுலயும் மருந்துதான் இருக்கு. வேட்டு ஊரையே எழுப்புத மாதிரி கத்துது, கத்திட்டு இருந்த எடத்துலயே கெடக்கு. ராக்கெட்டு உஸ்ஸுன்னு ஒரு சத்தம், வானத்துக்குப் போயிருது. நம்ம வண்டி வேட்டா இருக்கணுமா, ராக்கெட்டா இருக்கணுமா?”

அண்ணாச்சி மேசைமேல் கிடந்த தீப்பெட்டியை உருட்டிக்கொண்டிருந்தார். ராக்கெட்டுக்கு மருந்தை இறுக்கிக் கிட்டிப்பதில் அளவு தப்பினால் அது மேலே ஏறாமல் வாசலிலேயே வெடித்துவிடும் என்பது அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எத்தனை சரக்கு அப்படித் திரும்பி வந்திருக்கிறது. அவள் விடவில்லை. எஞ்சினுக்குள் எரிய வேண்டிய பெட்ரோல் குழாயில் எரிகிறது, வீட்டுக்குள் பொங்க வேண்டிய உலை தெருவில் பொங்குகிறது, அதைப் பார்த்துத்தான் நீங்கள் கைதட்டுகிறீர்கள் என்று மூச்சுவிடாமல் சொல்லி முடித்தாள்.

கடைசியில் அவர் ஒரு வழிக்கு வந்தார். காலையில் தகுதிச் சுற்று அவர் செட்டிங்கில் ஓடும். அதில் தேறினால் மத்தியான ஃபைனல் அவள் செட்டிங்கில் ஓடும். ஜெயித்தால் எஞ்சின் வண்டியிலேயே இருக்கும். தோற்றால் அங்கிருந்தே வன்னியபெருமாளின் லோடு ஆட்டோவில் ஏறிவிடும். வேணி சரி என்றாள்.

உளுந்தும் பாசியும் எடுத்து முடித்த கரிசல் காட்டை ரோலர் விட்டு இறுக்கி ரேஸ் பாதை போட்டிருந்தார்கள். கண்மாய்க் கரைதான் கேலரி. ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் கரை முழுக்கக் கூட்டம், சர்பத் வண்டி, குடை, மைக்கில் கண்ணுசாமி. கண்ணுசாமி வாய் ஓய்ந்து ஊரில் யாரும் பார்த்ததில்லை.

காலைக் குளிர்ச்சியில் தகுதிச் சுற்று நடந்தது. அண்ணாச்சியின் வண்டி கரையோரம் வெடித்துக்கொண்டு போகப்போக ஃபாக்டரி ஆட்கள் விசிலடித்தார்கள். கண்ணுசாமி, இதோ நம்ம ஊர்ச் சிங்கம் கர்ஜிக்கிறது என்றார். கர்ஜித்த சிங்கம் ஃபைனலுக்குத் தேறிய வண்டிகளில் கடைசியாக வந்தது. முதலில் வந்தது எட்டயபுரம் பூவனலிங்கத்தின் வண்டி. நாலு சிலிண்டர், நல்ல ஓட்டுக்காரர். இறங்கி வந்து அண்ணாச்சியின் தோளைத் தட்டி, சத்தத்துக்கு ஒரு கோப்பை வைத்தால் அது உங்களுக்குத்தான் என்று சொல்லிவிட்டுப் போனார். அண்ணாச்சி சிரித்த சிரிப்பு நன்றாக இல்லை.

வெயில் ஏறியது. கிருஷ்ணவேணி பிளக்கைக் கழற்றிப் பார்த்தாள். அடுப்புக்கரி மாதிரி கறுத்திருந்தது. காற்று வடிகட்டியைத் தட்டினால் கரிசல் புழுதி பொலபொலவென்று கொட்டியது. அவள் பயந்ததும் இதற்குத்தான். மத்தியான வெக்கையில் காற்று இளகிவிடும். கூடவே புழுதி வேறு வடிகட்டியை அடைக்கும். உள்ளே போகிற காற்று குறையும், பெட்ரோல் குறையாது. காலையிலேயே கோழை கட்டின எஞ்சின் மத்தியானம் மூச்சுமுட்டிச் சாகும்.

செல்வக்குமார் பையிலிருந்து துணி உறைகளை எடுத்தார். புதியம்புத்தூரில் தையல் யூனிட்டில் இருக்கும் அவர் தங்கை பிரேமா தைத்துக் கொடுத்தவை. மெல்லிய உள்பாவாடைத் துணி. எண்ணெயில் நனைத்து வடிகட்டிமேல் மாட்டினால் புழுதியைத் துணி பிடித்துக்கொள்ளும். ரோஸ் கலரில் ஓரத்தில் லேஸ் வைத்துத் தைத்திருந்தாள் அந்தப் புண்ணியவதி. பக்கத்து வண்டிக்காரர்கள், மச்சான் சீர்வரிசையோடு ரேஸுக்கு வந்திருக்கிறார் என்று கேலி செய்தார்கள். செல்வக்குமார் லேஸை உள்ளே மடித்து மாட்டினார்.

அவள் கொண்டுவந்த ஜெட்டுகளில் முதலில் மிகச் சிறியதைப் போட்டு எஞ்சினை முறுக்கினாள். சத்தம் வறண்டு, உச்சிக்குப் போகுமுன் ஒரு சின்னப் பொரி. அடுத்த நொடி அணைத்துவிட்டாள். அந்தப் பொரி இன்னும் கொஞ்சம் நீடித்திருந்தால் ரேஸும் இல்லை, எஞ்சினும் இல்லை. அதற்கு ஒரு அளவு பெரியதைப் போட்டாள். நெருப்பு நேரத்தைப் பழையபடி முன்னுக்கு நகர்த்தினாள். மறுபடி முறுக்கினாள். கோடித்துணி கிழிந்தது. கண்ணை மூடிக்கொண்டு ஏற்றி இறக்கி ஏற்றிப் பார்த்தாள். கோழையும் இல்லை, பொரியும் இல்லை. பிளக்கில் காப்பிப்பொடி நிறம், கலவை சரி. வா ராசா என்று எஞ்சின்மேல் கையை வைத்தாள், சூடு பட்டதும் எடுத்துக்கொண்டாள்.

ஆனால் அண்ணாச்சியின் முகம் தொங்கிப்போயிருந்தது. வெடியே கேக்கலையேம்மா, எதை வச்சு நான் கியரை மாத்துவேன் என்று கேட்டார். அவர் கேட்டது நியாயம்தான். காது கேட்கிறவரைக்கும் கால் வெடிச் சத்தத்துக்குக் காத்திருக்கும். வேணி வரப்பில் இறங்கி நடந்தாள். பக்கத்துக் காட்டில் பறிக்காமல் விட்ட பருத்திச்செடி நாலைந்து நின்றது. வெடித்த காயிலிருந்து பஞ்சைப் பிய்த்து, கொட்டையை நீக்கி, உருட்டிக் கொண்டுவந்தாள். அண்ணாச்சியின் இரண்டு காதிலும் அடைத்தாள். பிறகு நெற்றியில் இருந்த ஸ்டிக்கர் பொட்டை எடுத்து, எஞ்சின் வேகம் காட்டும் மீட்டர் கண்ணாடியில் ஓரிடத்தில் ஒட்டினாள். முள் அந்தப் பொட்டைத் தொட்டதும் கியரை மாற்றுங்கள், வேறொன்றும் நினைக்காதீர்கள் என்று சைகையில் காட்டினாள். பஞ்சடைத்த காதோடு அவர் உரக்கச் சரி என்றார். கூட்டம் திரும்பிப் பார்த்துச் சிரித்தது.

கொடி இறங்கியது. ஏழு சுற்று ஓட வேண்டும். எல்லா வண்டியும் உறுமிக்கொண்டு புழுதிக்குள் பாய்ந்தன. அண்ணாச்சி கடைசியில் கிளம்பியவர்தான், முதல் சுற்று முடியும்போது இரண்டு வண்டியைத் தாண்டியிருந்தார். ஆனால் அதைக் கரையில் இருந்த யாரும் கவனிக்கவில்லை. எல்லாரும் சத்தத்தைத் தேடிக்கொண்டிருந்தார்கள். வெடி இல்லை, தீ இல்லை. கண்ணுசாமி மைக்கில், அண்ணாச்சி வண்டிக்கு என்ன ஆச்சு, சத்தத்தையே காணோமே, பழுதா என்று ஊருக்கே தண்டோரா போட்டார். விசிலடித்த வாய்களெல்லாம் உச்சுக்கொட்டின. வன்னியபெருமாள் லோடு ஆட்டோவின் பின்கதவை இறக்கி வைத்தார்.

வேணிக்குக் கூட்டம் கண்ணில் படவே இல்லை. புழுதிக்குள் எது எந்த வண்டி என்று தெரியவில்லை, சத்தம் ஒன்றுதான் அடையாளம். தூரத்து வளைவில் அந்த நீளமான கிழிசல் ஏறும், ஒரு நொடி நிற்கும், மறுபடி கீழிருந்து ஏறும். அந்த இடைவெளியில்தான் அவர் கியர் மாற்றுகிறார். பொட்டைப் பார்த்து மாற்றுகிறார், மகராசன். அவள் உதடு கடித்தபடி ஒவ்வொரு ஏற்றத்தின் உச்சியிலும் அந்தப் பொரிச் சத்தம் வருகிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தாள். வரவில்லை.

நாலாவது சுற்றில் அண்ணாச்சி இரண்டாவது இடத்துக்கு வந்துவிட்டார். முன்னால் பூவனலிங்கம் மட்டும். அப்போதுதான் அந்த வினை வந்தது.

ஃபாக்டரி ஃபோர்மேன் முத்துசெல்வத்துக்கு முதலாளி என்றால் உயிர். வண்டி வெடிக்காமல் ஓடுவதைப் பார்த்து அவர் பதறிவிட்டார். அவர் தொழிலில் வெடிக்க வேண்டியது வெடிக்காமல் இருந்தால் அதைவிட ஆபத்து கிடையாது. பற்றவைத்து அணைந்த வேட்டுக்குப் பக்கத்தில் போகாதே என்று எத்தனை பேரை இழுத்துப் பிடித்தவர். முதலாளி அப்படி ஒன்றின்மேல் உட்கார்ந்திருக்கிறார் என்று நினைத்துவிட்டார் மனிதர். தோளில் கிடந்த சிவப்புத் துண்டை உருவிக்கொண்டு பாதை ஓரத்துக்கு ஓடி, நிறுத்துங்க நிறுத்துங்க என்று இரண்டு கையாலும் வீசினார். அவர் பின்னால் இன்னும் பத்துப் பேர்.

காதில் பஞ்சு அடைத்தவருக்குக் கண் நன்றாகத் தெரியும். சிவப்பைப் பார்த்தார். ஆபத்து என்று புரிந்துகொண்டார். காலை எடுத்தார்.

எஞ்சின் சத்தம் சரிந்ததைக் கேட்டதும் வேணி திரும்பி அந்தச் சிவப்புத் துண்டைப் பார்த்தாள். பின்னால் வந்த வண்டி ஒன்று அண்ணாச்சியைத் தாண்டிப் போனது. சேலையை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டு வரப்பைத் தாண்டி ஓடினாள். போன வேகத்தில் முத்துசெல்வத்தை இடித்துத் தள்ளி, துண்டைப் பிடுங்கித் தரையில் போட்டு மிதித்தாள். நேர் எதிரே வண்டி மெதுவாக வந்துகொண்டிருந்தது. ஹெல்மெட்டுக்குள் அண்ணாச்சியின் கண் தெரிந்தது. ஒரு பக்கம் பத்து வருஷம் கூட இருந்த ஆள் விழுந்த இடத்திலிருந்தும் கை காட்டி நிறுத்தச் சொல்கிறார். மறுபக்கம் இவள், தலைமுடி அவிழ்ந்து, நெற்றியில் பொட்டில்லாமல், புழுதியில் குளித்து நிற்கிறாள். அவள் வலது கையை முஷ்டியாக்கி முன்னால் குத்தினாள். போ என்றாள். கத்தினாலும் அவருக்குக் கேட்காது, இருந்தும் தொண்டை கிழியக் கத்தினாள்.

அண்ணாச்சி மிதித்தார்.

எஞ்சின் ஒரு திணறல் இல்லாமல், ஒரு வெடி இல்லாமல் அடியிலிருந்து எடுத்து உச்சிவரைக்கும் ஏறியது. முத்துசெல்வம் தரையில் உட்கார்ந்தபடியே, ஏ யாத்தே, என்னமா இழுக்குது என்றார். மூன்றாவது இடத்துக்கு இறங்கியவர் ஐந்தாவது சுற்றில் மறுபடி இரண்டாவது.

பூவனலிங்கம் நல்ல ஓட்டுக்காரர் என்று சொன்னேன் இல்லையா, அதில் பொய்யில்லை. ஆனால் அவர் வண்டி காலையிலிருந்து அதே வடிகட்டியோடு கரிசல் புழுதியைக் குடித்துக்கொண்டிருந்தது. ஆறாவது சுற்றில் அது களகளத்தது. அப்புறம் ஒரு படார். கரை நிமிர்ந்து உட்கார்ந்தது. இன்னொரு படார், படபட. பழக்கதோஷம், கூட்டம் கைதட்டிவிட்டது. கண்ணுசாமி, ஆகா எட்டயபுரத்து வண்டி பலம் காட்டுகிறது என்று வாயெடுத்தார். பலம் காட்டின வண்டி அவர் கண் முன்னாலேயே கறும்புகை கக்கிக்கொண்டு மெதுவானது. வெடிக்க வெடிக்க அது பின்தங்கிக்கொண்டே வந்தது. வெடிக்காத வண்டி ஒவ்வொரு வளைவிலும் நெருங்கிக்கொண்டே இருந்தது.

கைதட்டல் ஒவ்வொன்றாக நின்றது. வேட்டுக்காரர்களும் தீப்பெட்டி ஆபீஸ்காரர்களும் ஆட்டை ஓட்டிவிட்டுப் பார்க்க வந்தவர்களுமாக அத்தனை கூட்டமும் காதைக் கொடுத்துக் கேட்டது. ஒரு வண்டி வெடித்துக்கொண்டு தோற்கிறது, ஒரு வண்டி கிழித்துக்கொண்டு ஜெயிக்கிறது. கண்ணாலும் பார்க்கிறார்கள், காதாலும் கேட்கிறார்கள், பிறகு யார் வந்து விளக்க வேண்டும்? கடைசிச் சுற்றின் கடைசி வளைவில் அண்ணாச்சி பூவனலிங்கத்தின் பக்கவாட்டில் வந்தார், தாண்டினார், போய்க்கொண்டே இருந்தார். கொடி விழுந்ததுகூட அவருக்குத் தெரியவில்லை. இன்னொரு சுற்று சுற்றிவிட்டுத்தான் நின்றார். கரையே எழுந்து நின்று கூப்பாடு போட்டது, அது அவருக்குக் கேட்டால்தானே.

பஞ்சை எடுத்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, எத்தனாவது என்பதுதான். செல்வக்குமார் ஒற்றை விரலைக் காட்டினார். அண்ணாச்சி வண்டியின் குழாய்ச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். நிமிர்ந்தபோது கண் கலங்கியிருந்தது. முத்துசெல்வம் ஓரமாக நின்று, நாந்தான் கெடுக்கப் பாத்தேன் என்று தலையில் அடித்துக்கொண்டார். அவரை இழுத்து அண்ணாச்சி கட்டிக்கொண்டார். பூவனலிங்கம் வந்து கை கொடுத்தார். கையை அண்ணாச்சியிடம் கொடுத்துவிட்டுக் கண்ணை அந்த ரோஸ் கலர் உறைமேல் வைத்திருந்தார். எங்கே தைத்தது என்று செல்வக்குமாரிடம் காதோரமாக விசாரித்துக்கொண்டார்.

வன்னியபெருமாள் தயங்கித் தயங்கி வந்து, அப்போ கொடைக்கு என்று இழுத்தார். கொடைக்கு வேட்டு ஃபாக்டரியிலிருந்து வண்டி நிறைய வரும், அம்மனுக்கு ஒரு குறையும் வைக்கமாட்டேன், ஆனால் எஞ்சின் வராது என்றார் அண்ணாச்சி. வன்னியபெருமாள் லோடு ஆட்டோவின் கதவைத் தூக்கிச் சாத்தினார். முகத்தில் வருத்தமே இல்லை, அவரும் கரையில் நின்று கூப்பாடு போட்டவர்தான்.

அதற்குள் கூட்டம் வண்டியைச் சூழ்ந்துவிட்டது. ஜெயித்த சந்தோஷத்தில் யாரோ ஆரம்பித்தார்கள், அண்ணாச்சி ஒரே ஒரு வேட்டு, நம்ம பழைய வேட்டு ஒண்ணு போடுங்க என்று. ஊர் ஆசை அவ்வளவு சீக்கிரம் விடுமா? எல்லாரும் பிடித்துக்கொண்டார்கள். கண்ணுசாமி மைக்கிலேயே வேண்டுகோள் வைத்துவிட்டார். வேணி உடம்பெல்லாம் விறைத்து நின்றாள். கேட்டவர்களைக் கடித்துக் குதறுகிற மாதிரி இருந்தது அவள் பார்வை.

அண்ணாச்சி கூட்டத்தைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். ஹெல்மெட்டைக் கழற்றி அவள் கையில் கொடுத்தார்.

“வேட்டு வேணும்னா ஃபாக்டரிக்கு வாங்க, வேணுங்கிற மட்டும் தாரேன். இது வேணி எஞ்சின். எப்படிக் கேக்கணுமோ அப்படி அவளே ஓட்டிக் காமிப்பா. நீ ஏறும்மா.”

கோயம்புத்தூரில் எட்டு வருஷம், இங்கே ஆறு வருஷம், எத்தனையோ ரேஸ் எஞ்சின்களுக்குத் தொண்டை திறந்துவிட்டவள் அவள். ஒன்றைக்கூட ரேஸ் பாதையில் ஓட்டியதில்லை. வெளியே நின்று கேட்பதுதான் அவள் வேலை. ஏறு என்று இதுவரை எவரும் சொன்னதில்லை, இவளும் கேட்டதில்லை. கேட்காமல் இருந்தது எவ்வளவு பெரிய பசி என்று அந்த நொடியில்தான் அவளுக்கே தெரிந்தது. செல்வக்குமார் ஹெல்மெட்டின் வாரை அவள் தாடைக்குக் கீழே மாட்டிவிட்டார்.

“ஏட்டி, மெதுவாப் போ” என்றார்.

“நீங்க மினிபஸ்ஸ மெதுவா ஓட்டுங்க” என்றாள்.

சேலையை இறுக்கிச் செருகிக்கொண்டு சீட்டில் இறங்கினாள். சாவியைத் திருப்பினாள். முதுகுக்குப் பின்னால் எஞ்சின் எழுந்தது. வெளியே நின்று கேட்ட சத்தம் வேறு, இது வேறு. முதுகெலும்பு வழியாகவே ஏறியது. வழிவிட்ட கூட்டத்துக்கு நடுவே மெல்ல நகர்த்தி, நேர்ப்பாதைக்கு வந்து, மிதித்தாள். கரிசல் காடு இரண்டு பக்கமும் பின்னால் ஓடியது. கரையில் ஒருவரும் விசிலடிக்கவில்லை, கைதட்டவில்லை. அத்தனை பேரும் வாயை மூடிக்கொண்டு அவள் எஞ்சினைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவளுக்கு அது தெரிந்தது. ஹெல்மெட்டுக்குள் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே, அடுத்த கியரைப் போட்டு இன்னும் மிதித்தாள்.